லிங்கராஜபுரம் ஜலசந்தி

2023 ஆகஸ்ட் மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில், பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஓஸ்வால்ட் வீட்டுக் கூடத்தின் குறுக்கே கடல் ஓடியது. ஸ்டோர் ரூம் சுவருக்கு அடியிலிருந்து புறப்பட்டு, குளியலறைச் சுவருக்கு அடியில் போய் மறைந்தது. எவ்வளவு தம் கட்டினாலும் தாண்டிக் குதிக்க முடியாத அகலம். ஒட்டடைக் கம்பை விட்டுப் பார்த்ததில் நடுவில் கழுத்தளவு ஆழம். தண்ணீர் உப்பு. முன்வாசல், சோபா, டிவி, படுக்கையறை எல்லாம் ஒரு கரையில் நின்றுவிட்டன; சமையலறை, பின்வாசல், மாடிப்படி மூன்றும் மறுகரைக்குப் போயின. ஓஸ்வால்டின் மனைவி பவுலின் வழக்கம்போல விடியும்போதே எழுந்து காபி போடப் போயிருந்ததால் மறுகரைக்காரி ஆனாள். இன்னும் கொஞ்சம் தூங்கியிருந்தால் புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் ஒரே கரையில் பட்டினி கிடந்திருப்பார்கள்.

இதற்கெல்லாம் காரணம் முந்தின நாள் நடந்த பட்டிமன்றம் என்பதில் தெருவுக்குச் சந்தேகமே இல்லை. லிங்கராஜபுரம் தமிழ் நண்பர் மன்றத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு: பக்கத்தில் இருக்கும் எதைப் பற்றியும் மேடையில் பேசக் கூடாது. தொண்ணூற்றொன்றாம் வருஷத்து டிசம்பரில், ஆற்றுத் தண்ணீர்க் கலவரத்தின்போது, மன்றத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தவர்கள் அவர்கள். அன்றிலிருந்து ஆறு, அணை, எல்லை, மொழி, மழை எதுவும் தலைப்பாவதில்லை. மழை கூடவா என்று புதிதாக வந்த ஐ.டி. பையன்கள் சிரிப்பார்கள். மழை பொய்த்த வருஷம் ஒரு செப்டம்பரை இங்கே கழித்துவிட்டு அப்புறம் சிரி என்பார்கள் பழைய ஆட்கள். இப்படி வருஷத்துக்கு வருஷம் தலைப்பு தூரமாக நகர்ந்து நகர்ந்து, அந்த வருஷம், ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே ஒரு ஜலசந்தியின் இரண்டு கரையிலும் கிடக்கிற துருக்கியில் போய் நின்றது. துருக்கியை ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்க்கலாமா, கூடாதா? அந்த நாட்டை நேரில் பார்த்தவர் மன்றத்தில் ஒருவரும் இல்லை என்பதால் இதைவிடப் பத்திரமான தலைப்பு கிடையாது என்று முடிவானது. ஊர் வம்பு வேண்டாமென்று உலக வம்பை விலைக்கு வாங்கினார்கள்.

நடுவர் சாமிநாதன், மெஷின் டூல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் மனமும் நோகாமல் தீர்ப்புச் சொல்வதில் பேர் போனவர். சபை சிரிக்கட்டும் என்று புருஷனையும் பொண்டாட்டியையும் எதிரெதிர் அணியில் போடுவது அவர் வழக்கம். சீட்டுக் குலுக்கியதில் ஓஸ்வால்டுக்குக் கூடாது, பவுலினுக்குச் சேர்க்கலாம். ஓஸ்வால்ட் இன்சூரன்ஸ் ஆபீஸ்காரர், நிதானமாகப் பேசினார். எட்டுக் கோடிப் பேர் ஒரே நாளில் உள்ளே வந்தால் ஏற்கெனவே இருக்கிற சின்ன நாடுகளுக்கு உட்கார இடமிருக்குமா, நாளைக்கு ஓட்டெடுப்பு என்றால் யார் சொன்னது நடக்கும், வீட்டுக்காரன் யார், விருந்தாளி யார் என்று கேட்டார். கைதட்டல் நன்றாகவே விழுந்தது. அடுத்து எழுந்த பவுலின் நர்சரிப் பள்ளி டீச்சர். எண்பத்தேழிலேயே மனுப் போட்டவர்களை இன்னும் வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறீர்களே என்று ஆரம்பித்தாள். படைக்கு ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுகிறீர்கள், போருக்குத் தப்பி ஓடி வருகிறவர்களுக்கு இடம் கொடு என்று கூப்பிடுகிறீர்கள், சாப்பாட்டு மேஜைக்கு மட்டும் கூப்பிட மாட்டேன் என்கிறீர்கள் என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் அழுதுவிட்டாள். என்ன நடிப்பு என்று சபை எழுந்து நின்று தட்டியது.

அது நடிப்பு இல்லை. பவுலினின் தம்பி லாயிட் பக்கத்து ஜீவனஹள்ளியில் வாடகைக்கு இருந்தான். டூவீலர் மெக்கானிக். அவனுடையது பெரிய குடும்பம். மனைவி, பிள்ளைகள், மாமனார், மாமியார், விதவைக் கொழுந்தியா, அவள் பிள்ளைகள் என்று சோற்றுக்கு உட்கார்ந்தால் இரண்டு பந்தி வேண்டும். வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஓஸ்வால்ட் வீட்டு மாடியோ காலியாகக் கிடந்தது. அங்கே தம்பி வரட்டுமா என்று பவுலின் கேட்கும்போதெல்லாம் ஓஸ்வால்ட் பார்க்கலாம் என்பார். இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அத்தனை பேர் மேலே ஏறிவிட்டால் கீழே தனக்குக் குரல் இருக்காது என்று பயந்தார். மேடையில் அவர் பேசியது யாரைப் பற்றி என்பது பவுலினுக்குத் தெரியும். அவள் அழுதது தம்பிக்காக மட்டுமா என்பது அவளுக்கே அப்போது சரியாகத் தெரியவில்லை.

இரண்டு அணியும் பேசி முடித்த பிறகு சபை தீர்ப்புக்குக் காத்திருந்தது. சாமிநாதன் எழுந்து ஓஸ்வால்டின் முகத்தைப் பார்த்தார், பவுலினின் கண்ணைப் பார்த்தார், தீர்ப்பை அடுத்த கூட்டத்தில் சொல்வதாகச் சொல்லிவிட்டு போண்டா சாப்பிடப் போனார். மன்றத்தின் சரித்திரத்தில் தீர்ப்பில்லாமல் கலைந்த பட்டிமன்றம் அது ஒன்றுதான். புருஷனும் பொண்டாட்டியும் ஒரே ஆட்டோவில் பேசாமல் வீடு திரும்பினார்கள். மறுநாள் காலையில் கடல் வந்திருந்தது. அடுத்த கூட்டம் செப்டம்பரில் என்று இருந்தது. அந்த மாதம் காவிரிக்காகப் பந்த் வந்து, கூட்டமும் போயிற்று.

கடல் வந்த புதிதில் பார்க்க ஆள் வந்தது, பிறகு குறைந்துவிட்டது. தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் ஆசையாக ஓடி வந்து ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்துத் துப்பிவிட்டுப் போனார். குடிநீர் வாரியத்திலிருந்து வந்தவர் விரலை நனைத்து நாக்கில் வைத்து, இது நம்ம நீரு அல்ல என்று கன்னடத்தில் எழுதிக் கொடுத்தார். காவிரி இல்லை என்று தெரிந்ததில் தெருவுக்கே நிம்மதி. செருப்புப் பெட்டி அளவுக் கப்பல்கள் ஸ்டோர் ரூம் பக்கமிருந்து சங்கு ஊதிக்கொண்டு வந்து குளியலறைப் பக்கம் போயின. பவுலின் இட்லியையும் சட்னியையும் பிளாஸ்டிக் டப்பில் வைத்து, கப்பல் வராத நேரமாகப் பார்த்துத் தள்ளிவிடுவாள். ஓஸ்வால்ட் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவித் திருப்பி அனுப்புவார். அவள் பின்சந்து வழியாகப் பள்ளிக்கும், அவர் முன்வாசல் வழியாக ஆபீஸுக்கும் போனார்கள். இவர் அந்தப் பக்கம் போகவில்லை, அவள் இந்தப் பக்கம் வரவில்லை. சுற்றிக்கொண்டு போனால் இரண்டு நிமிஷம். ஆனால் யார் முதலில் போவது?

இதில் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. தம்பி பேச்சு வந்து, கரைக்கு இந்தப் பக்கமிருந்து ஓஸ்வால்ட் பார்க்கலாம் என்று சொல்லும்போதெல்லாம் கடல் விரலளவு உயர்ந்தது. இருபத்து நாலாம் வருஷத்துக் கோடையில் ஊரெல்லாம் போர்வெல் வற்றி ஜனங்கள் குடத்தோடு அலைந்தபோது, இவர்கள் வீட்டில் மட்டும் சோபாவின் கால் முழுகியது. தரையிலிருந்த சிலிண்டரை பவுலின் சமையல் மேடைக்கு ஏற்றினாள். அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்து பார்த்தார். மனசுக்குள் நினைத்தாலும் உயர்ந்தது.

அக்டோபர் மழையில் ஜீவனஹள்ளி வீட்டை இடிக்க ஜே.சி.பி. வந்து நின்றது. லாயிட் கட்டில், பீரோ, சிலுவைப் படம் எல்லாவற்றையும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு, குடும்பத்தோடு அக்கா வீட்டுப் பின்சந்தில் வந்து இறங்கினான். பின்வாசல் திறந்துதான் இருந்தது. மாடிப்படி பவுலின் கரையில்தான் இருந்தது. இரண்டு எட்டு வைத்தால் மேலே போய்விடலாம். லாயிட் போகவில்லை. வீட்டுக்காரர் வாயால் வா என்று சொல்லாத வீட்டில் கால் வைப்பதில்லை என்பது நம் ஜனங்களிடம் எத்தனை தலைமுறை ஊர் மாறினாலும் மாறாத வழக்கம். கடன்காரன் வந்தால்கூட வாங்க என்று சொல்லிவிட்டுத்தான் இல்லை என்று சொல்வோம். மாமா சொல்லட்டும் என்று லாயிட் சந்திலேயே நின்றான். கிழவரும் கிழவியும் பிள்ளைகளும் தார்ப்பாய்க்கு அடியில் நின்றார்கள். மழை வலுத்துக்கொண்டு வந்தது.

தீர்ப்பு வந்தால் கடல் வற்றும் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்ததால், யாரோ ஓடிப்போய்ச் சாமிநாதனை அழைத்து வந்தார்கள். அவர் முன்வாசல் வழியாக வந்து ஓஸ்வால்டுக்குப் பக்கத்தில் சோபாவின்மேல் ஏறி நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு பக்கம் பார்த்தால் என்று ஆரம்பித்தார். தண்ணீர் உயர்ந்தது. இன்னொரு பக்கம் பார்த்தால் என்றார். மறுகரையில் சமையலறை நிலைப்படி முழுகியது. சந்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. எல்லாரும் ஓஸ்வால்டைப் பார்த்தார்கள். அவர் தண்ணீரைப் பார்த்தார்.

"சார், நீங்க உக்காருங்க, இது உங்க கேஸ் இல்ல," என்றாள் பவுலின். கணுக்கால் தண்ணீரில் நின்றபடி புருஷனைப் பார்த்துப் பேசினாள். "இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு என்னை யாருமே வான்னு சொல்லலங்க. அத்தைக்கு மயக்கம்னு எல்லாரும் உள்ள ஓடிட்டீங்க. கல்யாணப் புடவையோட வாசல்ல நின்னேன். அப்புறம் நானே வந்து காபி போட்டேன். இத்தினி வருஷமா நானே வந்தவளாத்தான் இருக்கேன். என் தம்பியையும் அப்படி வரவிட மாட்டேன்."

ஓஸ்வால்டுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. அம்மா விழுந்தது, டாக்டரைத் தேடி ஓடியது, சோடா வாங்கியது எல்லாம் ஞாபகம் இருந்தது. வாசலில் நின்ற பெண் மட்டும் ஞாபகத்தில் இல்லை. எங்கே தேடியும் இல்லை. வீட்டுக்காரன் யார், விருந்தாளி யார் என்று மைக்கில் கேட்டவர் அவர்.

"வா பவுலின்," என்றார். "மொதல்ல நீ வா."

பவுலின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு அடுப்புல சோறு கொதிக்குது," என்றாள். "நீங்க வாங்க."

ஓஸ்வால்ட் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர், நீந்தத் தெரியாது, வேளாங்கண்ணிக்குப் போனாலும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சாமிநாதனிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். நடுவர் சட்டையைப் பிடித்து இழுத்தார், உதறிவிட்டார். இடுப்பு, மார்பு, கழுத்து. நடுவில் நீரோட்டம் காலை வாரியது. ஒரு கப்பல் சங்கு ஊதிக்கொண்டே தலைக்கு மேல் போயிற்று. தலை தெரியவில்லை. அப்போது சந்திலிருந்து லாயிட், யார் சொல்வதற்கும் காத்திருக்காமல், செருப்புக் காலோடு சமையலறைக்குள் ஓடி வந்து குதித்தான். முடியைப் பிடித்து இழுத்து மாமாவைக் கரையேற்றினான். ஓஸ்வால்ட் உப்புத் தண்ணீரைக் கக்கினார். மூச்சு வந்ததும், ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவனின் கையைப் பிடித்துக்கொண்டு, வா லாயிட் என்றார். பிறகு பின்வாசலைப் பார்த்து, எல்லாரும் வாங்க, நனையாதீங்க என்றார். எல்லாரும் வந்தார்கள். சோறு போதவில்லை, மறுபடி உலை வைத்தாள் பவுலின்.

அன்றைக்கு நிலைப்படிக்குக் கீழே இறங்கிய தண்ணீர் பிறகு உயரவில்லை. ஆனால் கடல் போகவும் இல்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. ஓஸ்வால்ட் பயந்தது ஒரு வகையில் நடந்தது: மாடியில் சத்தம் அதிகம், டிவி ரிமோட் அவர் கைக்கு வருவதில்லை. சாமிநாதன் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. துருக்கியும் இன்னும் வெளியில்தான் இருக்கிறது. லாயிட் கரைக்குக் கரை ஒரு கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறான். சந்து வழியாகச் சுற்றி வரலாமே என்று தெருவில் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். ஓஸ்வால்ட் கேட்பதில்லை. மூன்று வேளையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் இறங்கித்தான் சாப்பிட வருகிறார். பவுலின் துண்டோடு கரையில் நின்று, வாங்க என்கிறாள்.