வெள்ளிக்கிழமைச் சர்க்கரை

குளித்துவிட்டு அறைக்குள் வந்தவள், தன் கைப்பை கட்டில்மேல் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தாள். சாவிக்கொத்து, கண்ணாடிக் கூடு, இன்சுலின் பேனா, சர்க்கரை பார்க்கும் மெஷின், வேலையிட அடையாள அட்டை, பல் போன சீப்பு, எல்லாம் போர்வைமேல் வரிசையாகப் பரப்பப்பட்டிருந்தன. பக்கத்தில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கழற்றினாலும் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைப்பது அவர் பழக்கம். பெண்டாட்டியின் பையையும் அப்படித்தான் கழற்றி வைத்திருந்தார். அவர் கையில் இரண்டு மிட்டாய்த் தாள்கள் இருந்தன.

"இது என்ன?" என்றார்.

பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் அவள் விரலைக் குத்தி 268 என்று பார்த்து, வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். அந்தப் பத்து நிமிடம் அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. முகத்தில் கோபம்கூட இல்லை. எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அவளுக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம், இன்சுலின் போட ஆரம்பித்து மூன்று வருடம். மற்ற நாட்களில் எல்லாம் சொன்னபடி கேட்கும். எட்டு மாதமாக வெள்ளிக்கிழமை மட்டும் வம்பு. அன்றைக்கும் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போடுவாள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நூற்று நாற்பதுக்குள் அடக்கமாக இருக்கும். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து பார்த்தால் இருநூற்று எழுபது, எண்பது. நடுவில் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போயிருக்காது. இதைக் கணவரிடம் சொன்னாள், வெளியூரில் இருக்கும் மகளிடம் சொன்னாள். மகள் போனில் குரலைத் தாழ்த்தி, ஆசையாக இருந்தால் கொஞ்சமாகத் தின்றுகொள்ளம்மா, ஆனால் ஒளித்துத் தின்னாதே என்று புத்தி சொன்னாள். பெற்ற பெண்ணிடம் அந்தப் பேச்சைக் கேட்கவேண்டியிருந்தது.

போன மாதம் டாக்டர் அவளுடைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மத்தியானம் நல்லா இருக்கு, சாயங்காலம் ஏறுது. நடுவுல வாய்க்குள்ள ஏதோ போகுதும்மா" என்றார். அவள் இல்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியில் இருந்த கணவர் தலையாட்டினார். டாக்டர் சிரித்ததுகூட அவளுக்குப் பெரிதில்லை, அவர் வெளியாள். முப்பது வருடம் கூடப் படுத்து எழுந்த மனிதருக்கு ஒரு நிமிடம் யோசிக்கத் தோன்றவில்லையே என்று வீடு வரும்வரை நெஞ்சு எரிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியான ஊசியில் நாலு யூனிட் கூட்டச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்த நாலு யூனிட்டால்தான் இன்று வினை வந்தது. அவள் வேலை பார்ப்பது லாரி எடைமேடையில். காலி லாரி மேடையில் ஏறும், பிறகு சரக்கோடு வந்து ஏறும், கழித்தால் சரக்கின் எடை. இந்தச் சின்னக் கழித்தலில் டிரைவர்கள் செய்யாத தில்லுமுல்லு இல்லை. காலி வண்டியில் தண்ணீர் டாங்கியை நிரப்பிக்கொண்டு வருவார்கள், ஆளை உள்ளே படுக்க வைப்பார்கள், பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே ஒரு சாண் விட்டு நிறுத்துவார்கள். பத்தொன்பது வருடத்தில் ஒரு பொய் எடை அவள் கையெழுத்தோடு வெளியே போனதில்லை. அவள் சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் முதலாளிகூட மறுபேச்சுப் பேசமாட்டார்.

இன்று இரண்டு மணிக்கு, அதே கை நடுங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எண்கள் மிதந்தன. உடம்பெல்லாம் வியர்த்து, சீட்டில் என்னவோ எழுதி ஜன்னல் வழியாக நீட்டினாள். வாங்கிப் பார்த்த டிரைவர், "அக்கா, இது என் வண்டி நம்பரே இல்லையே" என்றான். இதற்கு முன் இரண்டு தடவை அவளிடம் தண்ணீர் டாங்கியோடு மாட்டி வசை வாங்கிய ஆள்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் படியேறி உள்ளே வந்து, அவள் கை காட்டிய மெஷினை எடுத்துக் கொடுத்தான். 54 என்று காட்டியது. அவன் அம்மாவுக்கும் சர்க்கரையாம். சட்டைப்பையிலிருந்து இரண்டு மிட்டாயை உரித்து அவள் வாயில் போட்டு, கால் மணி கழித்து அவள் மறுபடி பார்த்து நூறைத் தொடும்வரை, பின்னால் ஹாரன் அடித்த நாலு வண்டிகளையும் காத்திருக்க வைத்துவிட்டு நின்றான். எடைமேடை அறையில் குப்பை போடுவது அவளுக்குப் பிடிக்காது. தாள்களை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இவ்வளவையும் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச்சொட்ட அவள் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு தாள்களைப் போர்வைமேல், சீப்புக்குப் பக்கத்தில் வரிசையில் வைத்தார்.

"டிரைவர் குடுத்தானாக்கும்" என்றார்.

 இன்னும் பேசினால் அழுகை வரும், அழுதால் அதையும் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வார். பொருள்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போய் நடு அறையில் படுத்தாள்.

மறுநாள் காலை, யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் இல்லை. சர்க்கரைக்காரர்களைப் பார்க்கும் நர்ஸ் இருந்தாள். நோட்டை வாங்கி, விரலை வைத்து வெள்ளிக்கிழமைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனவள் நிமிர்ந்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் என்ன சாப்பாடு என்று கேட்டாள். எட்டு மாதத்தில் முதல்முறையாக ஒருவர் எதைத் திருடினாய் என்று கேட்காமல் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறார்.  வேலையிடக் கேன்டீனில் பொரித்த இறைச்சி, பொரித்த உருளைக்கிழங்கு, இரண்டு துண்டு ரொட்டி, வாரத்தில் அன்றைக்கு மட்டும்தான் என்றாள்.

"கொழுப்பு வயித்துல போனா சாப்பாடு மெதுவாத்தான் இறங்கும்மா. நீங்க போடற ஊசி சீக்கிரம் வேலை செஞ்சு சீக்கிரம் தீர்ந்துடும். சர்க்கரை அப்புறம் ஆடி அசைஞ்சு வருது. வரும்போது மருந்து இல்ல" என்றாள் நர்ஸ். கூட்டிய நாலு யூனிட் முன்னாடியே பாய்ந்து கீழே தள்ளிவிட்டது, பின்னால் வருவதற்கு அது உதவவில்லை, இனி அதைப் போடவேண்டாம் என்று சொல்லி, அப்போதே டாக்டருக்குப் போன் செய்து அனுமதியும் வாங்கினாள். இப்படிப்பட்ட சாப்பாட்டுக்குச் சிலருக்கு ஊசியை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைப் பிறகு போடச் சொல்வார்களாம். இவளுக்கு எவ்வளவு, எப்போது என்பதை மணிக்கு மணி எண் இல்லாமல் சொல்ல முடியாது. அதே சாப்பாடு, பழைய அளவு ஊசி, ஐந்து மணி நேரம், மணிக்கு ஒரு தடவை. எழுதிக்கொண்டு திங்கட்கிழமை வாருங்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சமைத்தாள். கேன்டீன் சமையல்காரரிடம் போனில் கேட்டு, அவர் போடும் அதே அளவை வீட்டுத் தராசில் நிறுத்தாள். இரண்டு தட்டு போட்டாள். ஒரு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன் 112. ஊசி போட்டுக்கொண்டு, அவரும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார்கள். தட்டுகளைக் கழுவி வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள்.

"ஆறு மணி வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். நீங்களும் இருக்கணும். கண்ணை எடுக்காம பாருங்க" என்றாள்.

அவர் முதலில் சிரித்தார். எனக்கு வேறு வேலையில்லையா என்றார். என் பையைக் கவிழ்க்க நேரம் இருந்ததல்லவா, அதே நேரம்தான் இது என்றாள். பேப்பரை எடுக்கப் போனவரை அதற்கும் விடவில்லை. மூன்று மணிக்கு அவள் கழிவறைக்குப் போக எழுந்தபோது, கதவுக்கு வெளியே வந்து நிற்கச் சொன்னாள். உள்ளே மிட்டாய்க்கடை வைத்திருக்கிறேனா என்று முதலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றாள். அவர் கூச்சத்தில் நெளிந்தார். நெளியட்டும் என்று கதவைச் சாத்தினாள்.

இரண்டு மணிக்கு 131 இருந்தது. மூன்றுக்கு 138. அவர் எட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார். "பார்த்தியா, பக்கத்துல ஆள் இருந்தா ஏறல" என்றார். அவருக்கு அது நல்ல வார்த்தையாகத்தான் பட்டிருக்கும். அவளுக்கு மேசையைப் புரட்டிப் போடலாம் போலிருந்தது. விரித்த கைகளை அப்படியே வைத்துக்கொண்டாள். ஒருவேளை இன்றைக்குப் பார்த்து ஏறாமலே போய்விட்டால் என்ற பயம் அப்போதுதான் முதல்முதலாக வந்தது. தன் சர்க்கரை ஏறவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்படி ஆகிவிட்டதே என்று அவர்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

நாலு மணிக்கு 182.  ஜன்னல் வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. தெருவில் யாரோ சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு 241. அவர் எழுந்து மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே அவளுடைய வெறுங்காலும் அவருடைய செருப்பும்தான் இருந்தன. திரும்ப வந்து உட்கார்ந்தவர் அதற்குப் பிறகு நிஜமாகவே கண்ணை எடுக்கவில்லை. வாயை, கையை, தொண்டையை மாறிமாறிப் பார்த்தார். அவள் எச்சில் விழுங்குவதைக்கூடப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட இந்த மனிதர் தன்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு 287. அவள் நோட்டில் எழுதி, தேதி போட்டு, எடைச்சீட்டில் போடும் அதே கையெழுத்தைக் கீழே போட்டாள். பேனாவை மூடி நோட்டை அவர் பக்கம் தள்ளினாள். ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், தப்பு என்றால்கூடப் போதும்.

அவர் நோட்டைத் தொடவில்லை. மெஷினை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பேட்டரி மூடியை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார்.

 குத்தும் ஊசியைக் கழற்றிப் போட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்தினாள். புது அட்டையை மெஷினில் செருகினாள். "கையைக் கொடுங்க" என்றாள். இதே சாப்பாட்டைத் தின்றவர், சர்க்கரை இல்லாதவர். கோளாறு மெஷினில் என்றால் அது அவருக்கும் ஏற்றித்தான் காட்டவேண்டும். அவர் கையைக் கொடுத்தார், கண்ணை மூடிக்கொண்டார். பஸ் இன்ஜினுக்குள் தோள்வரை கையை விட்டவருக்கு இந்தச் சுருக்கென்ற குத்துக்குப் பயம். அவர் விரல் நுனியில் தோல் தடித்திருந்தது, லேசில் ரத்தம் வரவில்லை. தினமும் தன் விரலை அழுத்துவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தினாள். துளி திரண்டு வந்தது. அட்டையில் தொட வைத்தாள். மெஷின் ஐந்து, நான்கு என்று இறங்க ஆரம்பித்தது. அவர் கண்ணைத் திறந்து அதன்மேல் கவிழ்ந்துகொண்டார். அவள் எண்ணைப் பார்க்கவில்லை. விரலை விடாமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.