எலிக்குடலில் தொலைந்த மருந்து

கலாவதிக்கு எலி என்றால் பயமில்லை. "குறையுது" என்ற சொல்தான் பயம். அதைக் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

காஞ்சிபுரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் சின்னச் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. எழுபதுகளின் தொடக்கம். புது மருந்து ஒன்று குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகுமா என்று பார்க்க வேண்டும். எலிக்குடலில் ஒரு துண்டை எடுத்து, சட்டையைக் கழற்றுகிற மாதிரி உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, இரு முனையையும் பட்டுநூலால் கட்டிச் சிறு பையாக்குவாள். மருந்து கலந்த வெதுவெதுப்பான உப்புநீரில் பை மிதக்கும். பைக்குள் எவ்வளவு போனது, வெளியே எவ்வளவு நின்றது என்று அளந்தால் வேலை முடிந்தது.

எங்கே முடிந்தது! இரண்டையும் கூட்டினால் போட்டதில் பாதிகூடத் தேறவில்லை. எத்தனை முறை செய்தாலும் அதே கதை. மேலாளர் சாமுவேல் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். சிந்துகிறாயோ, எடுத்துக்கொண்டு போகிறாயோ, யார் கண்டது என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். நாளைக்கும் குறைந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

இந்தக் "குறையுது" என்ற சொல்லைத்தான் பிள்ளையார்பாளையத்தில் அவள் அப்பா வீரபாகுவின் முகத்தில் முதலாளி எறிந்தார். நெசவுக்குப் பட்டுநூலை எடைபோட்டுக் கொடுப்பார்கள். நெய்த சேலையை எடைபோட்டு வாங்குவார்கள். ஒருமுறை எடை குறைந்தது. அன்றிலிருந்து அப்பா நூல் திருடன். அந்தப் பெயரோடுதான் இன்னும் தறிக்குழியில் இறங்குகிறார். இனி மகளுக்கும் அதே பெயரா?

மறுநாள் பிற்பகல். குமிழி விடும் கண்ணாடிக் குடுவையில் பை மெல்ல ஆடியது. பார்க்கப் பார்க்கக் கண் சொருகியது. குடுவை அகன்று, அடுத்த வீட்டுக் கிருஷ்ணவேணியக்காவின் சாயத்தொட்டியானது. பை பட்டுக்கட்டாகி ஆவிக்குள் நீந்தியது. அரக்குநிறத் தண்ணீர் வெளுத்து வெளுத்து, தொட்டியின் அடி தெரிந்தது. அக்கா கட்டைத் தூக்கிக்கொண்டே சிரித்தாள்.

"தண்ணி தெளிஞ்சிட்டுது பாரு, சாயம் பிடிச்சிக்கிச்சு."

கலாவதி திடுக்கிட்டு விழித்தாள். பிடிச்சிக்கிச்சு! அட மக்கே, சாயத்தொட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் இத்தனை நாளும் தண்ணீரிலேயா தேடிக்கொண்டிருந்தாய்? பையை எடுத்துக் கழுவி, குடலையே அரைத்து, வடிகட்டி அளந்தாள். கட்டிய நூலையும் விடவில்லை. அதில் பெயருக்குத்தான் இருந்தது. தொலைந்த மருந்தெல்லாம் குடலின் சதையில் ஒட்டிக்கொண்டு சுகமாக இருந்தது. சாமுவேல் தானே மறுபடி அளந்து பார்த்தார். பிறகு, தப்பாகப் பேசிவிட்டேன் அம்மா என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

அவள் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். தறியில் இருந்த அப்பாவிடம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வரும்போதே இன்னொன்றும் புரிந்தது. எடை குறைந்த அந்த முறை, அப்பாவுக்குப் பட்டுநூலை அடைமழையில் எடைபோட்டுக் கொடுத்தார்கள். சேலையை வாங்கியது மழை ஓய்ந்து வெயில் காய்ந்தபோது. பட்டு காற்றின் ஈரத்தைக் குடிக்கும் என்பது அவள் படித்ததுதான்.

"ஈரந்தான்பா போச்சு. பட்டு எங்கயும் போகல."

வீரபாகு ஊடுநூல் ஓட்டும் நாடாவைக் கையிலெடுத்து, ஓட்டாமல் கீழே வைத்தார். நூல்கள் அவர் முன்னே வெளிச்சத்தில் மிதந்தன.

"மருந்து எங்க போச்சுன்னு எலிக் கொடலக்கூட அரைச்சுப் பாத்திருக்கீங்க," என்றார். "என்னிய யாரும் ஒரு வார்த்த கேக்கலியேம்மா."