சார் சொன்னாரு

அந்தச் சலவை நிலையத்தில் வேலை பார்க்கும் பதினொரு பெண்களுக்கும் முதலாளி 'அக்கா'. அதனால் அவளுடைய கணவர் யாரும் கேட்காமலே 'மாமா' ஆகிவிட்டார். பதினான்கு ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் அங்கேதான் வெளுத்து, காய்ந்து, மடிப்புக் கலையாமல் திரும்பும். எந்த மூட்டை எந்த ஓட்டலுக்கு என்ற விவரம் மாமாவின் பொறுப்பு. எட்டு வருடமாக ஒரே எக்செல் தாளில் கட்டத்துக்குக் கட்டம் நிறம் பூசி வைத்திருந்தார். பச்சை என்றால் வந்து சேர்ந்தது. மஞ்சள் என்றால் துவைப்பில் இருக்கிறது. ஊதாவுக்கு என்ன பொருள் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவருக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தது. நிலையம் தலைகீழாகப் போனது. அக்கா போனில் கேட்டாள்: "இந்த ஊதா என்னங்க?"

"அதுல ரெண்டு ஊதா இருக்கும் பாரு. லேசானதா, அழுத்தமானதா?"

அக்கா போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் சாப்பிடும்போது சொன்னாள்: "கம்ப்யூட்டர் வேலைக்குன்னு ஒரு ஆலோசகரை வரச் சொல்லியிருக்கேன். மூணு வாரம் கூடவே இருந்து எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிக் குடுப்பாராம்."

"அப்ப நான்?"

"நீங்க எங்க போகப் போறீங்க? இங்கதான இருக்கீங்க."

அது ஆறுதலா, குத்தலா என்று அன்று முழுக்க மாமாவுக்குப் பிடிபடவில்லை.

ஆலோசகர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள். குரலை உயர்த்தவே தெரியாதவர்போலப் பேசினார். இஸ்திரி போடும் பெண்களிடம்கூட நின்று நிதானமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். முதல் நாளே அவருக்கு மெத்தை வைத்த புது நாற்காலி வந்தது. மாமாவின் நாற்காலிக்குச் சக்கரம் உடைந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான்காம் நாளுக்குள் அக்காவின் வாயில் வாக்கியத்துக்கு ஒரு 'சார் சொன்னாரு' ஏறிவிட்டது. படிக்கக் கண்ணாடி போடு என்று மாமா தலைபாடாய் அடித்துக்கொண்டபோதெல்லாம் கேட்காதவள், இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த ஆள் காட்டும் திரையைக் கண்கொட்டாமல் பார்த்தாள். சில நேரம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கேட்கும்போதெல்லாம் மாமா தன் எக்செல் தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

இரண்டாவது வாரம் ஆலோசகர் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் சின்னதாக ஓர் அடையாளப் பட்டை தைத்துவிட்டால் போதும், எது யாருடையது என்று யாரும் தேட வேண்டாம். அக்கா பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டு, "சார் என்ன சொல்றாரு கேளுங்கடி!" என்றாள்.

"இதை நான் நாலு வருஷத்துக்கு முன்னாடியே சொன்னேன்" என்றார் மாமா.

"நீங்க எப்ப சொன்னீங்க?"

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே நினைவில்லை. அதுதான் மாமாவுக்குத் தாங்கவில்லை. 'யாரு உக்காந்து இத்தனையும் தைக்கிறது' என்று அன்று அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் அவருக்கு ஞாபகம் இருந்தது.

அன்று பிற்பகல் ஆலோசகர் ஓட்டல்களின் பெயர்ப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் திறந்து, சரிபார்க்கச் சொல்லி மாமாவிடம் விட்டார். மாமா ஏழாம் எண்ணையும் பதினொன்றாம் எண்ணையும் இடம் மாற்றிவிட்டார். யாராவது கேட்டால் கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பட்டைகள் தைத்து முடிந்து, புது ஏற்பாடு ஓடத் தொடங்கிய முதல் நாளே வெடித்தது. ஏழாம் எண்ணில் இருந்த சின்ன விடுதியின் நைந்த விரிப்புகள் பதினொன்றாம் எண்ணான பெரிய ஓட்டலுக்குப் போய்விட்டன. அங்கே அன்று மாநாடு. அறைகள் எல்லாம் நிறைந்திருந்தன. ஓட்டல் மேலாளர் போனில் கத்திய கத்தல் மேஜைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. போனை வைத்த அக்கா ஆலோசகர் பக்கம் திரும்பினாள். பதினொரு பெண்களும் பார்க்க, "உங்கள நம்பினதுக்கு இதுதான் பலனா சார்? வேலை தெரியலைன்னா முதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்று விளாசித் தள்ளினாள்.

ஆலோசகர் திரையில் எதையோ திறந்து பார்த்தார். பட்டியலை யார், எந்த நேரத்தில் மாற்றினார்கள் என்று அதில் இருந்தது. தலையை நிமிர்த்தி மாமாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு அக்காவிடம், "என் தப்புதான் மேடம். நான் இன்னொரு தடவை பார்த்திருக்கணும்" என்றார்.

மாமாவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். மாறாக, இதிலும் இவன் தன்னைவிட ஒரு படி மேலே போய் நின்றுகொண்டானே என்று எரிந்தது.

சரியான விரிப்புகளை ஏற்றிக்கொண்டு வேனில் இருவரும்தான் போனார்கள். மாமா ஓட்டினார். இரண்டாவது சிக்னலில் வண்டி நின்றபோது மாமா கேட்டார்:

"ஏன் சொல்லல?"

"நான் போற எடத்துல எல்லாம் ஒருத்தர் இருப்பாரு சார். போன எடத்துல ஒருத்தர் தினமும் ஒயரைப் பிடுங்கி விட்டுட்டு, எலி கடிச்சிருச்சுன்னாரு." ஆலோசகர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். "நான் அடுத்த வாரம் போயிடுவேன். நீங்க அங்கதான இருக்கணும்."

அன்று சாப்பிடும்போது அக்கா சொன்னதும் ஏறக்குறைய இதேதான். இந்த முறை அதில் குத்தல் தேட வழியில்லை.

ஓட்டலின் பின்வாசலில் மூட்டைகளை இருவருமாக இறக்கினார்கள். மேலாளரின் வசவை ஆலோசகர் நின்று வாங்கிக்கொண்டார். மாமா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும், வேன் சாவியை மாட்டக்கூட இல்லை, நேராக அக்காவிடம் போனார்.

"பட்டியலை மாத்தினது நான்தான்."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "ஏன்?"

"நாலு வருஷமா நான் சொன்னது உன் காதுல ஏறல. அவர் ஒரு தடவை சொன்னதும் ஊரையே கூட்டிட்ட."

"அதுக்கு?" அவள் எழுந்து நின்றாள். "என்மேல கோவம்னா என்கிட்ட சண்டை போட்டிருக்கணும். ஒரு பாவமும் அறியாத மனுஷனை எல்லார் முன்னாடியும் நான் திட்டுற மாதிரி பண்ணிட்டீங்களே. இதையும் எல்லார் முன்னாடியே சொல்லுங்க."

மறுநாள் காலையில் இயந்திரங்களை ஓட்டுவதற்கு முன் மாமா சொன்னார். பெண்களில் யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இஸ்திரிப் பிரிவின் மூத்தவள்தான், "மாமாவுக்குப் பொறாமை" என்று போட்டுடைத்தாள்.

"ஆமா" என்றார் மாமா.

அக்காவும் ஆலோசகரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் கூச்சத்தோடு கையை அசைத்துவிட்டு, "சார், அந்த ரெண்டு ஊதாவும் என்னன்னு எனக்கு இன்னும் புரியல. உக்காந்து சொல்றீங்களா?" என்று பக்கத்தில் இடம் விட்டார். ஒன்று கறை போகாதது, மற்றது கிழிந்தது. இரண்டும் புது ஏற்பாட்டில் சேர்ந்தன. அக்கா மட்டும் ஐந்து நாள் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. ஆறாம் நாள், "அந்தப் பட்டை விஷயம் எப்ப சொன்னீங்கன்னு எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது" என்றாள். அதற்குமேல் மன்னிப்பு எதுவும் அவளிடமிருந்து வரவில்லை. மாமாவும் எதிர்பார்க்கவில்லை.

ஆலோசகர் போய் ஏழெட்டு மாதமாகிறது. மாமாவுக்குக் காய்ச்சல் வந்தாலும் இப்போது மூட்டைகள் சரியாகப் போய்ச் சேருகின்றன. எப்போதாவது ஏதாவது சிக்கிக்கொண்டால், "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா?" என்கிறாள் அக்கா. உள்ளே சுருக்கென்று ஒன்று தைக்கத்தான் செய்கிறது. மாமாவே எண்ணை அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் போனை அவளிடம் நீட்டுகிறார். ஆனால் அறையை விட்டு வெளியே போவதில்லை.