நீலச் சேலைப் பயிற்சியாளர்

2008இல் ஸ்டீபன்ராஜுக்குத் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு வந்தது. வடமதுரைப் பக்கம் ஒரு பள்ளி. தினமும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேச வேண்டும் என்பதுதான் அவருக்குப் பயம். சின்ன வயதிலிருந்தே திக்குவாய். வகுப்பில் கரும்பலகையை வைத்துச் சமாளித்துவிடுவார். மைக் முன்னால் அது நடக்காது.

மனைவி டெய்சிதான் இணையத்தில் ஒரு வழி தேடிப் பிடித்தாள். கணினிக்குள்ளேயே ஒரு ஊர். அங்கே நமக்குப் பதிலாக ஒரு பொம்மை உருவம் நடக்கும், பேசும். அதில் ரஃபியா என்ற சென்னைப் பெண் மேடைப்பேச்சுப் பயிற்சி கொடுத்தாள். ஸ்டீபன்ராஜ் தன் உருவத்துக்கு அடர்ந்த முடியும் அகன்ற தோளும் வைத்துக்கொண்டார். அவர் பேசுவார், ரஃபியாவின் நீலச் சேலை உருவம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கும். அவள் பதில் மட்டும் எழுத்தாகத் திரையில் வரும். ‘என் நெட் ரொம்ப ஸ்லோ சார், குரல் வராது’ என்று முதல் நாளே எழுதியிருந்தாள். இரண்டு மாதத்தில் அந்த மேடையில் அவர் தங்குதடையில்லாமல் பேசினார்.

பள்ளி திறந்த அன்று, ‘மாணவர்களே’ என்ற சொல்லிலேயே நாக்கு நின்றுவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். உதவித் தலைமையாசிரியர் ஞானராஜ் மைக்கை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், குறுஞ்செய்திக்கு மட்டும் என்று ரஃபியா கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

“ஒங்க ப... பயிற்சி எதுக்கும் ஒதவலம்மா.”

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “சா... சா... சார்...”

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. “ஒங்களுக்கும் தி... திக்குமா?”

“ஆ... ஆமா சார். அ... அதான் எழுதுறேன்.”

“ரெண்டு மாசம் என்னைய ஏ... ஏமாத்திட்டீங்களே.”

“அங்க பே... பேசுறது வேற, ஆளுங்க முன்னாடி பே... பேசுறது வேறன்னு சொல்லியிருக்கணும். சொ... சொல்லல. தப்புதான்.”

அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒரு சொல்லை எடுத்துக்கொடுக்க அவருக்கு வாய்வரை வந்தது. தன் பேச்சை மற்றவர்கள் முடித்துவைக்கும்போது உள்ளுக்குள் எரிவது அவருக்குத் தெரியும். அடக்கிக்கொண்டு காத்திருந்தார். கோபம் குறைந்திருந்தது.

“இனிமே போன்லயே வச்சுக்குவோம்மா. நானும் பே... பேசுறேன், நீங்களும் பேசுங்க” என்றார்.

மறுநாள் வழிபாட்டுக் கூட்டத்தில் இரண்டாவது வரியில் அவர் தடுமாறியதுமே ஞானராஜ் கை நீட்டினார்.

“செத்த பொ... பொறுங்க சார்” என்றார் ஸ்டீபன்ராஜ். மைக்கைக் கொடுக்கவில்லை.

மூன்று நிமிடப் பேச்சு ஒன்பது நிமிடம் ஆனது. பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். முதல் பீரியட் தாமதமாகத்தான் தொடங்கியது.