சம்பந்தி வீட்டு முடிச்சுச் செடிகள்

நாற்றுப்பண்ணைக்காரருக்கு எப்போதாவதுதான் யோசனை உதிக்கும். உதித்தால் யாருக்காவது கெடுதல் நிச்சயம் என்பாள் அவர் மனைவி. முடிச்சுச் செடி அப்படி உதித்ததுதான்.

பண்ணையில் சில வேலிச்செடிகளின் தண்டு அங்கங்கே முடிச்சு முடிச்சாகக் கோலிக்குண்டு அளவுக்கு வீங்கியிருந்தது. பார்த்தவர்கள் அழகு என்றார்கள். போதாதா? வீக்கமில்லாமல் மொழுமொழுவென்று இருந்தவற்றைக் குப்பையில் வீசிவிட்டு, வீங்கிய செடிகளிலிருந்தே குச்சி வெட்டி நட்டுப் பெருக்கினார். மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு சம்பந்தி வீட்டு மதிலோரம் முழுக்க வைத்தும் கொடுத்தார். கல்யாணத்தில் பந்தல் முதல் பாய் வரை குறை கண்ட சம்பந்தி, செடியைப் பார்த்து வாயடைத்துப் போனார். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் மகளின் பேச்சு எடுபட ஆரம்பித்தது.

இந்த மாதம் பண்ணைச் செடிகள் நுனியிலிருந்து கருகின. மருந்தடித்தும் கேட்கவில்லை. ஒரு முடிச்சைப் பிளந்து பார்த்தார். உள்ளே வீட்டோடு மாப்பிள்ளை போல ஒரு புழு தின்று கொழுத்துப் படுத்திருந்தது.

பூச்சிமருந்துக் கடைக்காரர் விளக்கினார். அந்துப்பூச்சி முட்டையிடும், புழு தண்டுக்குள் குடிபுகும், தண்டு வீங்கும். மருந்து வெளியே, புழு உள்ளே. வெட்டிக் கொளுத்துவதைத் தவிர வழியில்லை.

"எல்லாரும் புழுவ ஒழிப்பாங்கண்ணே. நீங்க பொறுக்கியெடுத்து வளத்திருக்கீங்க."

பண்ணையைக் கொளுத்தியாயிற்று. சம்பந்தி வீட்டை என்ன செய்வது?

மறுநாள் மாலை போய்ச் சேர்ந்து, மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். சம்பந்தியின் முகம் சுண்டியது.

"குடுத்தத திரும்பக் கேக்க வந்தீங்களா சம்பந்தி?"

அதெல்லாம் இல்லை, உள்ளே புழு என்றார் இவர். தங்கள் வீட்டில் மட்டும் தழைக்கிறதே என்ற வயிற்றெரிச்சல்தான் புழு என்று சம்பந்தியம்மாள் உள்ளறையிலிருந்து அபிப்பிராயம் சொன்னாள். பிளந்தே காட்டிவிடலாமென்று இவர் கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். தண்ணீர்ச் செம்போடு மகள் பின்னாலேயே வந்தாள்.

"விடுங்கப்பா," என்றாள் மெதுவாக. "இப்பத்தான் இங்க கொஞ்சம் மூச்சு விடறேன்."

கத்தி பைக்குள் போனது.

கோபம் தணிந்து வந்த சம்பந்தி தோளில் கைபோட்டுத் தெருவைக் காட்டினார். கேட்ட வீட்டுக்கெல்லாம் குச்சி வெட்டிக் கொடுத்தாராம். இரண்டு பக்கமும், தெருக்கோடி வரை, மதிலுக்கு மதில் முடிச்சு. எல்லாம் மருமக கைராசி என்று ஊர் பேசுகிறதாம்.

இருட்டுகிற நேரம். வேலியிலிருந்து நகக்கண் அளவில் பழுப்பு அந்துப்பூச்சிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. இவர் ஒன்றைக் கைதட்டிக் கொன்றார். இன்னொன்றை. தலைக்கு மேல் எட்டாத உயரத்தில் பத்துப் பதினைந்து பறந்தன. எம்பி எம்பித் தட்டினார்.

"கொசுவா சம்பந்தி?" என்று பரிவோடு கேட்டார் அவர். "உக்காருங்க, கொசுவத்தி ஏத்தச் சொல்றேன்."