காய் இருக்கிற மட்டும்

இன்னும் கிட்ட வாருங்கள் கண்ணுகளா, குளிருக்கு ஒண்டி உட்காருங்கள். ஒரு அவரைக்கொடியின் கதை சொல்கிறேன். கசக்கும்; ஆனாலும் கேளுங்கள்.

கொல்லிமலைக்கு ரோடு வராத காலம். மலைமேல் குண்டூர் நாட்டில் அத்தாயியின் புருஷன் செத்துப்போனான், பிள்ளை இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டுத் தோட்டத்தைக் கொழுந்தன் சென்றாயன் கேட்டான். பந்தலில் அவரை பூத்திருந்ததைப் பார்த்த ஊர்க்கவுண்டர், "கொடியில காய் இருக்கிற மட்டும் தோட்டம் அத்தாயிக்கு. காய் ஓஞ்சா சென்றாயனுக்கு" என்று தீர்த்துவிட்டார்.

அத்தாயிக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அவரை பறிக்கப் பறிக்கப் பூக்கும்; முற்ற விட்டால்தான் ஓய்ந்துபோகும். விடிந்ததும் பிஞ்சாகவே பறித்துவிடுவாள். சுனைத் தண்ணீரைச் சுமந்து ஊற்றுவாள். தையில் ஓய வேண்டிய கொடி மாசியிலும் பூத்தது.

"ஏனுங்க அண்ணி, இந்தக் கொடிக்குச் சாவே இல்லீங்களா?" என்பான் சென்றாயன், வேலியோரம் நின்று.

"உங்க கண்ணு பட்டே சாகலீங்களே, இனியா சாவப்போவுது?"

அந்த மாசியிலேயே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. தூளி கட்டி அடிவாரத்துச் சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். போகும்போது பக்கத்து வீட்டு மாதம்மாளின் கையைப் பிடித்து, "காயப் பாத்துக்க" என்றாள். அதற்குமேல் நாக்கு புரளவில்லை.

ஒரு மாதம் கழித்து மலையேறி வந்தாள். மாதம்மாள் எதிரே ஓடி வந்தாள்.

"ஒத்தக் காய ஒருத்தரையும் தொட உடலீங்கக்கா! குரங்கெல்லாம் வெரட்டினேன். காய் இருந்தாத்தானே தோட்டம்!"

பந்தல் முழுக்க மஞ்சள் இலை. காய்ந்த அவரைகள் காற்றில் கலகலவென்றன. தேடினாலும் ஒரு பூ இல்லை.

சென்றாயன் கவுண்டரைக் கூட்டிவந்தான். ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் நொறுக்கிக் காட்டினான். "பாருங்க. இது காய் இல்லீங்க, நெத்து."

கவுண்டர் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். காய் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். தோட்டம் சென்றாயனுக்கு என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மாதம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"நீ அழுவாத புள்ள. பறிச்சுப்போடுன்னு சொல்ல எனக்குத்தான் வாயி வரல" என்றாள் அத்தாயி. நெற்று முழுவதையும் அவளே பறித்தாள், உரித்தாள். மடி நிறைய விதை. ஊன்ற ஒரு சாண் மண் இல்லை.

உங்கள் வீட்டுப் பந்தலில் காய் ஓயாதிருக்கட்டும் சாமிகளா. அதைப் பறிக்கிற கைக்கே அந்த மண்ணும் சொந்தமாக இருக்கட்டும்.