ஐந்தாம் படி

மனைவியின் அக்காள் ஒரு ஐந்து நிமிடம் வெளியே போனால் போதும். அதற்காக அவர் காலையிலிருந்து என்னென்னவோ செய்து பார்த்துவிட்டார்.

"டீ குடிச்சுட்டு வாங்கக்கா. நான் பார்த்துக்கறேன்."

"நீங்க பார்த்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே" என்றாள் அக்காள். நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் ஒரு சாண் நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

இன்றைய பொழுதைத் தாண்டாது என்று எட்டு மணிக்கே டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்போது பதினொன்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனைவி வாய் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. அவர் அந்த இடைவெளிகளை எண்ணினார். அவளிடம் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் அனுப்பிவிட்டால் மிச்சக் காலம் முழுக்க அது தொண்டையிலேயே நிற்கும். அக்காள் காதில் விழும்படி சொல்லவோ தைரியம் இல்லை.

ஏழு வருடம் இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றினவர்கள். பிள்ளைகுட்டி இல்லை. அவருடைய ஐம்பத்திரண்டாவது வயதில் வேலையை விட்டு, வீட்டை விற்று, வண்டிக்கு இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்னவர்களில் அக்காள்தான் முதல் ஆள். பின்னால் உட்கார்ந்து வழி சொல்கிறவள் என்பதால் மனைவிக்கு முதலாளி என்று பெயர், அவர் டிரைவர். "டிரைவர், மழை வருது, ஓரங்கட்டு." "சரிங்க முதலாளி." பெட்ரோல் பங்குகளில் இதைக் கேட்டுச் சிலர் உண்மையென்றே நம்பியிருக்கிறார்கள்.

அந்த வண்டியின் பின்பக்க ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வளையம் உண்டு. அதில் ஐந்து படிகள்; படி ஏற ஏற ஸ்பிரிங் இறுகும். தனி ஆள் என்றால் முதல் படி, இரண்டு பேரும் மூட்டை முடிச்சும் என்றால் ஐந்தாம் படி. பாரத்துக்குத் தகுந்தபடி ஸ்பேனரால் திருப்பி வைக்க வேண்டும். இவர்கள் வண்டியில் அது எப்போதும் ஐந்திலேயே கிடந்தது. போன கோடையில் பள்ளம் மேட்டில் வண்டி தூக்கிப் போட ஆரம்பித்தது. ஸ்பிரிங் இறுகிவிட்டது என்று முடிவு கட்டி நாலாம் படிக்கு இறக்கினார். ஒரு மாதம் கழித்து மூன்று. ஒரு மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் தொய்யும் சார், இறுகாது. வண்டில ஒரு குறையும் இல்ல" என்றார். இவருக்கு அந்த ஆள் வேலை தெரியாதவராகப் பட்டது. அடுத்த ஊரில் ஸ்பிரிங்கோடு இரண்டு ஷாக் அப்சார்பரையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டினார். புதிதும் தூக்கிப் போட்டது. இரண்டாம் படிக்கு இறக்கினார்.

அதற்குப் பிறகுதான் ஒரு நாள் அவள் சாலையோரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்தாள். கணையத்தில் புற்று என்றார்கள். எடை மெஷினில் நிறுத்தியபோது பதினெட்டுக் கிலோ குறைந்திருந்தாள். நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். நாலாம் படிக்கு இறக்கி அன்றைக்குச் சரியாக நாலு மாதம்.

இத்தனைக்கும் அவர் பார்த்தது எடை அளவு ஆய்வாளர் வேலை. இருபத்தாறு வருடம் கடை கடையாகப் போய்த் தராசுக்கு முத்திரை வைத்தவர். ஐம்பது கிராம் ஏமாற்றைத் தட்டைத் தொட்டே சொல்லிவிடுவார். கழுத்தெலும்பு தெரிகிறதே என்று ஒரு நாள் கேட்கத்தான் கேட்டார். "டிரைவர் மட்டும் பயில்வானாட்டமா இருக்கார்? ரோட்டுச் சாப்பாடு அப்படித்தான்" என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவருக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நர்ஸ் வந்து நாடி பார்த்தாள். "பேசணும்னா பேசுங்க சார். காது கேட்கும்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

இடைவெளி பத்தைத் தாண்டியது. பன்னிரண்டு. இனி அக்காளாவது ஒன்றாவது. அவர் குனிந்து அவள் காதருகே வாயை வைத்தார்.

"முதலாளி, எனக்குத் தெரிஞ்சுது. நீ இளைச்சது வண்டில தெரிஞ்சுது. கோடையிலயே. நான் ஸ்பிரிங்னு நினைச்சுட்டேன். உன்னைத் திரும்பிப் பார்க்காம ஸ்பிரிங்கை மாத்திக்கிட்டு இருந்தேன்." இன்னும் குனிந்தார். "திட்டு. ஒரு வார்த்தை திட்டிட்டுப் போ."

அவள் திட்டவில்லை. பாதி மூடிய கண்கள் அப்படியே இருந்தன. ஒரு மூச்சு வந்தது.

அக்காள் இப்போது வெடிக்கப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். அவள் மடியிலிருந்த கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குத் தெரியும்" என்றாள்.

"எது?"

"எடை குறையறது. கோடையில எனக்குப் போன் பண்ணினா. சாப்பாடு இறங்கலக்கா, முதுகு வரைக்கும் வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குப் போடின்னேன். நீங்க மெக்கானிக் கடையில வண்டியைப் பிரிச்சுப் போட்டுட்டு நிக்கறீங்கன்னு சொல்லிச் சிரிக்கறா. 'அவர் வண்டியைச் சந்தேகப்படுற வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்லக்கா'ன்னா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் கேட்டா. நானும் பண்ணிக் கொடுத்துட்டு வாயை மூடிட்டு இருந்துட்டேன்."

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. யார் மேல் வருவது என்று தெரியவில்லை.

"ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா அன்னைக்கே வண்டியைத் திருப்பியிருப்பேனேக்கா."

"தெரியும்" என்றாள் அக்காள். "அதனாலதான் காலையிலேருந்து உங்களைத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் சட்டென்று நினைவு வந்தவராக மறுபடியும் எண்ண ஆரம்பித்தார். நாற்பது வரைக்கும் எண்ணினார். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டார். அக்காள் எழுந்து போய் நர்ஸைக் கூப்பிட்டாள்.

கையெழுத்துகள் முடிய மூன்று மணி ஆயிற்று. இவர்களுக்கென்று வீடு இல்லாததால் அக்காள் வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வேன் வந்து நின்றபோது வாட்ச்மேன் அவரைத் தேடிக்கொண்டு வந்தார்.

"பெட்டி வெச்ச வண்டி உங்களுதா சார்? கொஞ்சம் எடுங்க, வேன் உள்ள வரணும்."

வண்டியைத் தள்ளி மரத்தடியில் நிறுத்தினார். வேனில் அவளை ஏற்றினார்கள். அக்காள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, எதிர் சீட்டிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வண்டியை அப்புறம் எடுத்துக்கலாம். இதுல வாங்க தம்பி." தம்பி என்று அவள் கூப்பிட்டு ஏழு வருடம் இருக்கும்.

"நீங்க போங்கக்கா. பின்னாலயே வர்றேன்."

பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார். தரையில் மண்டியிட்டார். மூன்று சுலபமாக ஏறியது. நாலுக்குக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஐந்துக்கு இரண்டு கையையும் ஊன்றி உடம்பு பாரத்தையெல்லாம் ஸ்பேனர் மேல் போட்டார். வளையம் 'டக்'கென்று உட்கார்ந்தது. மறுபக்கமும் அதேபோல் செய்தார்.

"தனியாத்தானே போறீங்க?" என்றார் பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன். "இவ்வளவு டைட் வெச்சா தூக்கிப் போடுமே சார்."

"போடும்" என்றார் அவர்.

டேங்க்கை ஒட்டி முன்னால் தள்ளி, பின்னால் அவளுக்கு எப்போதும் விடுகிற இடத்தை விட்டு உட்கார்ந்தார். வாசலில் இருந்த வேகத்தடையில் வேன் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. அதன் பின்னாலேயே போன வண்டி அவரைத் தூக்கிப் போட்டது.